மீதி எழுபத்தொன்று

இப்ப உங்க காதுல ‘டொய்ங்’னு ஒண்ணு கேட்டிருக்குமே, கேட்டுதுங்களா? எனக்கு வெளிய வரைக்கும் கேட்டுச்சுங்க. அது சார்ஜ் எறங்கிருச்சுன்னு சொல்றது. இந்த மாடலு ஹெட்செட்டு பதினஞ்சு பர்சென்ட்ல மொத தடவை கத்தும், அஞ்சுல ரெண்டாந் தடவை கத்தும், அப்புறம் சொல்லாம கொள்ளாமப் படுத்துக்கும். கழட்டி வெச்சுருங்க சார். ரயிலு திருப்பூரே இன்னும் தாண்டலை. மெட்ராஸ் போய்ச் சேர்ற வரைக்கும் எதையாவது பேசிட்டுப் போலாமுங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. முப்பத்திரண்டு ஹெட்செட்டை எட்டு மாசம் கண்ணு கொட்டாமப் பாத்தவனுங்க நானு. பேரு கனகாசலம். கோயமுத்தூர்ல ஒரு கால் சென்டர்ல டீம் லீடர். லீடரா இருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வர்றேன்.

தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்கற கம்பெனி ஒண்ணு இருக்குதுங்க. பேரு வேண்டாம். அவங்களுக்கு வர்ற போனெல்லாம் எங்க ஆபீசுக்குத்தான் வரும். மெஷின்ல சிவப்பு லைட்டு எரியுது, தண்ணி சொட்டுச் சொட்டா வருது, தண்ணி கசக்குது, இதேதான் காலைல ஒம்போதுலருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும். பகல் ஷிப்டுல எங்க ஆளுக முப்பத்திரண்டு பேரு உக்காந்து பதில் சொல்லோணும். மொதல்ல ஒயர் வெச்ச ஹெட்செட்தான் இருந்துச்சு. எங்க மேனேஜர் பத்மநாபன் சார் எங்கயோ போய் என்னத்தையோ பாத்துட்டு வந்து, அத்தனையையும் ஒயர் இல்லாததா மாத்திட்டாரு. நடந்துக்கிட்டே பேசலாமாம். எங்க ஆபீசுல நடக்கறதுக்கு எங்கீங்க எடம்? சேரைப் பின்னால தள்ளுனா அடுத்தவன் முழங்கால்ல இடிக்கும்.

ஒயர் போச்சு, சாக்கு வந்துச்சு. யாரைக் கேட்டாலும், சார்ஜ் இல்லீங்க சார். ஹெட்செட் அங்க சார்ஜ் ஏறிட்டிருக்கும், இவங்க கேண்டீன்ல டீ குடிச்சுட்டிருப்பாங்க. நெஜமாவே தீந்துச்சா, இல்லை சும்மா லொள்ளா, கண்டுபிடிக்க வழியே இல்லை. எனக்கு வயிறு எரியும். பதினாறு வருசமா இதே வேலைல இருக்கறவன், ஒருத்தன் பொய் சொல்றான்னு தெரிஞ்சும் கம்முனு பாத்துட்டு நிக்கோணும்னா எப்படியிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அப்பத்தான் எங்க கம்ப்யூட்டரெல்லாம் பாத்துக்கற நெல்சன் ஒரு சாப்ட்வேரைக் காட்டுனான். சின்னதுதானுங்க. ஸ்கிரீன்ல கீழ மணி காட்டுமல்ல, அதுக்குப் பக்கத்துல போய் உக்காந்துக்கும். ஹெட்செட்ல எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்குதுன்னு ஒரு நம்பர் காட்டும். அவ்வளவேதான் அதுக்குத் தெரியும். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி, முப்பத்திரண்டு பேரு மெஷின்லயும் அதைப் போட வெச்சு, எல்லா நம்பரையும் என் ஸ்கிரீனுக்கே கொண்டுவர வெச்சேன். முப்பத்திரண்டு கட்டம். பச்சை, மஞ்சள், சிவப்பு. சார், எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருசமாச்சு, சம்சாரம் மூஞ்சியை நான் அப்படிப் பாத்ததில்லை.

நெல்சன் அன்னைக்கே ஒண்ணு சொன்னான். இது குத்துமதிப்பான கணக்குங்க சார், பழைய பேட்டரி சடசடன்னு எறங்கும், புதுசு மெதுவா எறங்கும், சார்ஜ் போட ஞாபகப்படுத்தறதுக்குத்தான் இது, வேற எதுக்கும் வெச்சுக்காதீங்கன்னு. சரி சரின்னு தலையாட்டுனேன். படிச்ச பசங்க அப்படித்தான் எதையாவது சொல்லிட்டிருப்பாங்க.

மொத வாரமே கேண்டீன் காலியாயிருச்சு. எவனாவது சார்ஜ் இல்லீங்கன்னு எந்திரிச்சா, நான் என் சீட்டுலருந்தே, அறுபத்தி நாலு இருக்குது உக்காருப்பாம்பேன். அப்படியே உக்காந்துக்குவான். அதுல ஒரு சந்தோசம் இருக்குதே, அதெல்லாம் சொன்னாப் புரியாதுங்க.

அதோட விட்டிருக்கலாம்னு எங்க வீட்ல சொல்றாங்க. விட்டிருந்தா நான் சாதாரண லீடர். ஒரு நாள் சாயந்திரம் அந்தக் கட்டத்தையே பாத்துட்டிருக்கறப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. காலைல எல்லாருக்கும் நூறு. சாயந்திரம் ஒருத்தனுக்கு முப்பது, ஒருத்தனுக்கு அறுபது. ஏன்? எவன் நெறையப் பேசறானோ அவனுக்கு எறங்குது. எவன் சும்மா உக்காந்திருக்கானோ அவனுக்கு அப்படியே நிக்குது. அப்ப இது சார்ஜ் காட்டற மீட்டரா, உழைப்பைக் காட்டற மீட்டரா? அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கலீங்க, அவ்வளவு பெருமை.

மறுநாள்லருந்து சட்டம் போட்டுட்டேன். தெனமும் அஞ்சே முக்காலுக்கு நான் எந்திரிச்சு நின்னு மீதி வாசிப்பேன். பேரு, மீதி. பேரு, மீதி. நாப்பதுக்குக் கீழ இருந்தா எல்லாரும் கை தட்டோணும். அறுபதுக்கு மேல இருந்தா எந்திரிச்சு நிக்கோணும், எல்லாரும் கெளம்பற வரைக்கும். தண்டனையெல்லாம் இல்லீங்க, ஒரு ஊக்கம்.

நீங்க நம்ப மாட்டீங்க, ஒரே மாசத்துல ஆபீசே மாறிப்போச்சு. முன்னயெல்லாம் எடுத்தொடனே, சொல்லுங்க சார் என்ன பிரச்சனைன்னு மொட்டையா ஆரம்பிப்பாங்க. இப்ப, வணக்கமுங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா, அங்க மழையுங்களா, தென்னைக்கு என்ன உரம் போடறீங்கன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவர், மெஷின்ல பில்டர் மாத்தோணும்னு கூப்பிட்டவரு, முக்கால் மணி நேரம் பேசிட்டு, அடுத்த வாரம் பேத்தி கல்யாணப் பத்திரிகையை ஆபீசுக்கே அனுப்பிட்டாருங்க. நான் அதை நோட்டீஸ் போர்டுல குத்தி வெச்சேன். பில்டர் மாத்துனாங்களான்னு கேக்காதீங்க, தெரியாது. ஆனா எப்பேர்ப்பட்ட உறவு!

லைன்ல காத்துட்டிருக்கறவங்க அரை மணி நேரம் நிக்கறாங்கன்னு பத்மநாபன் சார் ஒரு தடவை கேட்டாரு. ஜனங்க நம்மகிட்டப் பேச ஆசைப்படறாங்க சார்னேன். சரின்னு அவரு ரூமுக்குப் போயிட்டாரு.

இதுல தருணேஷ்னு ஒரு பையன். சாயந்திரமானா எட்டு, ஒம்போது, இவ்வளவுதான் மீதி இருக்கும். தெனமும். நான் அவன் பேரைக் கடைசியா வாசிப்பேன், கைதட்டல் எச்சா வரட்டும்னு. அவனுக்கு ஒரு பேட்ஜ் அடிச்சுக் குடுத்தேன். புதுசா வர்றவங்களையெல்லாம் அவன் பக்கத்துல உக்காரவெச்சு, இவனைப் பாத்துப் படிச்சுக்கங்கன்னு சொல்லுவேன்.

அப்புறமுங்க, யோகேஸ்வரி.

சோமனூர்ப் பக்கம். வீட்டுக்காரரு லாரி ஓட்டறவரு, நாக்பூர் போனா வர்றதுக்குப் பத்து நாளாகும். ஒரு பொண்ணு, எல்கேஜி. பள்ளிக்கூடம் முடிஞ்சா ஒரு டே கேர்ல இருக்கும், அதை ஆறரைக்குப் பூட்டிருவாங்க. இந்தம்மா எங்ககிட்டச் சேந்து அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சு. எங்க ஆபீசுல என்ன வழக்கம்னா, ஆறு மாசம் டிரெய்னிங், அது வரைக்கும் பகல் ஷிப்ட். அதுக்கப்புறம் நான் கையெழுத்துப் போட்டா பர்மனன்ட், பகல் ஷிப்டுலயே இருந்துக்கலாம். போடலைன்னா மத்தியானம் ரெண்டுலருந்து பதினொண்ணு. அந்த ஷிப்டுக்குப் போனா பொண்ணைப் பாத்துக்க ஆளில்லை, வேலையை விட வேண்டியதுதான். இது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. அந்தம்மாவே சொல்லியிருக்குது. எனக்கும் மனசு இருக்குதுங்க.

ஆனா மீதி? எழுபத்தொண்ணு. ஒரு நாள் அறுபத்தெட்டு, ஒரு நாள் எழுபத்தி மூணு. தெனமும் எந்திரிச்சு நிக்கும். மூஞ்சியில ஒண்ணும் காட்டாது. போன் எடுத்தா, சிவப்பு லைட்டுங்களா, பின்னால ஒரு நீலக் கொழாய் இருக்கும் பாருங்க, அதை அமுக்கித் திருப்புங்க, ஆச்சுங்களா, வந்துருச்சுங்களா, நன்றிங்க. முடிஞ்சுது. ரெண்டு நிமிசம். அவ்வளவு சுருக்கா வெச்சா அது எப்படிங்க எறங்கும்? மழையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காது. கூப்பிடறவங்க சில பேரு, யோகேஸ்வரிம்மா இருக்காங்களா, அவங்ககிட்டயே குடுங்கன்னு கேப்பாங்க. சீக்கிரம் வெச்சுரலாம்ல, அதான்.

நான் எடுத்துச் சொன்னேன். ஏம்மா, இன்னும் நாலு வார்த்தை பேசுனா என்ன, வாய் தேஞ்சா போயிரும்னு. அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா, சார் அவங்க வீட்ல குடிக்கத் தண்ணியில்லாமக் கூப்பிடறாங்க, நான் மழையைப் பத்திக் கேட்டா நல்லாருக்குங்களான்னு. எதுத்துப் பேசற மாதிரி இல்லை, சாதாரணமாத்தான் சொல்லுச்சு. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

ஆறாம் மாசம் மொத வாரம், ஒரு நாள் சாயந்திரம் பாக்கறேன், யோகேஸ்வரி முப்பத்தி நாலு. எனக்கு அப்படியொரு சந்தோசமுங்க. நெசமாலுமே. சத்தமா வாசிச்சேன், எல்லாரும் கை தட்டுனாங்க. சொன்னாக் கேக்கறவங்கதானேன்னு மனசு எளகிப் போச்சு. கையெழுத்துப் போட்டுரலாம்னே நெனைச்சுட்டேன்.

மறுநாள் காலைல நேரா என் மேசைக்கு வந்துச்சு. வந்து நின்னு சொல்லுச்சு.

"சார், நேத்து நான் எப்பவும் போலத்தான் பேசுனேன். மத்தியானம் சாப்பிடப் போறப்ப ஹெட்செட்டை ட்ராயர்ல வெச்சு, சத்தத்தை முழுசா ஏத்தி ஒரு மணி நேரம் பாட்டு ஓட விட்டேன், வேணும்னேதான். உங்க மீட்டருக்குப் பேச்சும் ஒண்ணுதான், பாட்டும் ஒண்ணுதான் சார். இங்க பாதிப் பேரு தெனமும் இதைத்தான் பண்றாங்க. எனக்கு அது பிடிக்கலை. அதனால சொல்லிட்டேன். நான் பேசுன கால் ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ரெண்டு நிமிசந்தான் ஆகும்."

"அந்த ரெண்டு நிமிசந்தான்மா உன் பிரச்சனையே"ன்னேன் நான்.

பாருங்க, இதுல யோசிக்க என்ன இருக்குது? ஆபீஸ் ஹெட்செட்ல பாட்டு ஓட்டுனேன்னு தானே வாயால ஒத்துக்குது. மத்தவங்களும் பண்றாங்கன்னு சொல்லுது, மத்தவங்க யாராவது வந்து சொன்னாங்களா? யாரும் சொல்லலை. யாரு சொன்னாங்களோ அவங்க மேலதானே நடவடிக்கை எடுக்க முடியும். கம்பெனிப் பொருளைத் தப்பா உபயோகிச்சதுக்கு ஒரு மெமோ அடிச்சுக் கையில குடுத்தேன். தருணேஷைக் கூப்பிட்டு, நீ ஏதாவது அப்படிப் பண்றியாப்பான்னும் கேட்டேன், ஒரு பக்கமா இருக்கக் கூடாதல்ல. இல்லீங்க சார்னான். அப்புறம் என்ன.

கால் எத்தனை எடுத்தாங்க, எத்தனை பேரு திரும்பக் கூப்பிட்டாங்கன்னு மாசக் கடைசியில ஒரு எக்ஸெல் வரும், அதைப் பாத்திருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. அது வரும், நான் மேல அனுப்பிருவேன். நூத்தியிருவது வரிசை நம்பரு இருக்குதுங்க அதுல. அதையெல்லாம் யாருங்க ஒக்காந்து பாப்பாங்க? என் ஸ்கிரீன்ல பச்சையும் சிவப்புமா பளிச்சுனு இருக்கறப்போ.

மாசம் முடிஞ்சுது. நான் கையெழுத்துப் போடலை. அந்தம்மா அழுது கிழுது ஆர்ப்பாட்டம் பண்ணும்னு பாத்தேன். ஒண்ணும் பண்ணலை. ஒரே ஒரு தடவை, பொண்ணை ராத்திரி யாருகிட்ட சார் விடறதுன்னு கேட்டுச்சு. ரூல் அதுதாம்மான்னேன். தலையாட்டிட்டு, ராஜினாமா எழுதி வெச்சுட்டு, ஹெட்செட்டைத் தொடைச்சு டப்பாவுல போட்டுக் குடுத்துட்டுப் போயிருச்சு. வாங்கி ஸ்கிரீன்ல பாக்கறேன், நூறு. முழுசா சார்ஜ் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்குது. கடைசி நாள்லயும் பேசலை பாருங்க.

அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துல அந்தத் தண்ணி மெஷின் கம்பெனிலருந்தே ஆள் வந்துட்டாங்க. பெங்களூர்லருந்து ஒரு அம்மா, கூட ரெண்டு பேரு. ஏதோ புகார் எச்சாயிருச்சாம். பத்மநாபன் சாருக்கு வேர்த்து ஊத்துது. எனக்கு என்ன பயம்? நான் கூட்டிட்டுப் போய் என் ஸ்கிரீனைக் காட்டுனேன். முப்பத்திரண்டு கட்டத்தையும் அரை மணி நேரம் விளக்குனேன். அந்தம்மா ரொம்பப் பொறுமைங்க, ஒரு வார்த்தை குறுக்க பேசலை. முடிச்சதும், இதுல ரொம்ப நல்லா வேலை செய்யறது யாருன்னு கேட்டாங்க. தருணேஷ்னேன். பேட்ஜையும் சொன்னேன்.

கூட வந்தவர் லேப்டாப்பைத் தட்டிப் பாத்துட்டு, நேத்து பதினோரு கால்தான் எடுத்திருக்காருன்னாரு. பதினோரு காலுக்குச் சார்ஜ் எங்க போச்சுன்னு கேட்டாங்க அந்தம்மா. நான் பேட்டரி சமாச்சாரத்தை விளக்க வாயைத் தொறந்தேன். தருணேஷ் அந்நேரம் சாப்பிடப் போயிருந்தான். அவன் மேசைக்கிட்டப் போய், அந்தம்மாவே ட்ராயரை இழுத்தாங்க. உள்ள ஹெட்செட் நீல லைட்டு எரிய ஜம்முனு படுத்துட்டிருக்குது. எடுத்து ஒரு காதுல வெச்சுப் பாத்தாங்க. நல்ல பாட்டுன்னாங்க.

சிரிச்சானுங்க சார். நான் கைதட்டச் சொன்னாத் தட்டுன அதே முப்பது பேரு. வாயைப் பொத்திட்டுச் சிரிச்சானுங்க.

அதுக்கப்புறமுங்க, போன ஒரு வருசத்துல எச்சாக் கால் எடுத்தது யாருன்னு தேடுனாங்க. யோகேஸ்வரி. ஒரு நாளைக்குத் தொண்ணூறு காலாம். அது சொல்லிச் சரியான மெஷினுக்கு மறுபடி போன் வர்றதே அபூர்வமாம், நூத்துல ரெண்டோ மூணோதான். அவங்களைப் பாக்கலாமான்னு கேட்டாங்க. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க.

"வேலையை விட்டுட்டாங்க மேடம்."

"ஏன்?"

எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்? நெஜத்தைச் சொன்னேன். "சார்ஜ் எறங்கலீங்க மேடம்."

அவ்வளவுதான். மறு வாரமே என்னை சாட் செக்ஷனுக்கு மாத்திட்டாங்க. அங்க யாரும் பேச மாட்டாங்க, எல்லாமே டைப் அடிக்கறது. ஹெட்செட்டே கெடையாது. அதுக்குத்தான் இப்ப மெட்ராஸ்ல நாலு நாள் டிரெய்னிங், இந்த வயசுல. ஒரு நல்லது என்னன்னா, அங்க கீபோர்டெல்லாம் ஒயர் இல்லாததுங்க. அதுலயும் பேட்டரி இருக்குதல்லங்க. அதுக்கு ஏதாவது வந்திருக்குதான்னு நெல்சன்கிட்டக் கேக்கலாம்னு பாக்கறேன், போனை எடுக்க மாட்டேங்கறான்.

இருங்க, முக்கியமானதை விட்டுட்டேன். போன வாரம் எங்க வீட்டு வாசிங் மெசின் ஓடிட்டிருக்கறப்பவே நின்னுருச்சு. கதவு பூட்டிக்கிச்சு, உள்ள பூரா தண்ணி, சம்சாரத்தோட பட்டுப்பொடவை உள்ள மாட்டிக்கிச்சு. பட்டுப்பொடவையை அதுல யாரு போடச் சொன்னான்னு கேட்டதுக்கு எனக்குக் கெடைச்சது தனிக் கதை. அந்த மெசின் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். மொத ரிங்லயே எடுத்தாங்க. குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

யோகேஸ்வரிங்களான்னு கேட்டேன். ஆமாங்க சார்னு சொல்லுச்சு. என் பேரு அங்க ஸ்கிரீன்ல வந்திருக்கும், அதுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா குரல்ல ஒண்ணும் இல்லீங்க. யாருக்கோ சொல்ற மாதிரி, ப்ளக்கைப் பிடுங்கிருங்க, கீழ வலது பக்கம் சின்னக் கதவு ஒண்ணு இருக்கும், அடியில தாம்பாளம் வெச்சுட்டு அதுக்குள்ள இருக்கற மூடியை மெதுவாத் திருப்புங்க, தண்ணி வடிஞ்சதும் பத்து வரைக்கும் எண்ணிட்டுப் பெரிய கதவை இழுங்கன்னு சொல்லுச்சு. நான் அப்படியே பண்ணுனேன். தொறந்துருச்சு.

பொண்ணு எப்படியிருக்குதும்மான்னு கேட்டேன். ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியலை. நல்லாருக்கா சார்னு சொல்லுச்சு. இங்க பகல் ஷிப்டான்னு கேட்டேன். ஆமாங்கன்னு சொல்லுச்சு. எனக்கு இன்னும் ஏதோ சொல்லோணும்னு இருந்துச்சுங்க. கையில ஈரப் பொடவையோட அப்படியே நிக்கறேன். பொடவை சரியா இருக்குதுங்களான்னு கேட்டுச்சு. இருக்குதும்மான்னேன். வேற ஏதாவது உதவி வேணுங்களா சார்னு கேட்டுச்சு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, நன்றிங்க சார்னு சொல்லி வெச்சுருச்சு.

போன்ல பாக்கறேன், மூணு நிமிசம் கூட முழுசா ஆகலை. அந்த மூணு நிமிசம் மனசு என்னவோ பண்ணிருச்சுங்க, அதை ஏன் மறைக்கோணும்.

ஒடனே ஒரு மெசேஜ் வந்துச்சு. உங்ககிட்டப் பேசுனவருக்கு அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்கன்னு. அதை வெச்சுத்தான் அங்கயும் ஆளுங்களை வெச்சுக்கறதா, அனுப்பறதான்னு பாப்பாங்க, எனக்குத் தெரியாதுங்களா. கதவு தொறந்துச்சு, இல்லேங்கலை. பொடவைக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா மூணு நிமிசத்துக்குள்ள வெச்சுருச்சே சார், மனுசன் பேசிட்டிருக்கறப்பவே. ரெண்டு போட்டேன். மனசாட்சிப்படிதானுங்களே போடோணும்.